டென்ஷன் ஆகாதே என்கிற மருந்துச்சீட்டு

மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று மருத்துவரிடம் போகிற பெண்ணுக்குச் சொல்லப்படுகிறது. கொத்துக்கொத்தாக முடி கொட்டுகிறது என்று போகிறவருக்கும் சொல்லப்படுகிறது. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, ஒருவேளைதான் சாப்பிடுகிறேன் ஆனாலும் வயிறு பெருக்கிறது என்று போகிறவர்களுக்கும் அதேதான்: "டென்ஷன் ஆகாதீங்கம்மா." ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, பெரிதாக ஒன்றும் இல்லை, அப்படியென்றால் டென்ஷன்தான். வீட்டுக்கு வந்தால் கணவர் அதையே சொல்கிறார், மாமியார் சொல்கிறார், கைப்பேசியில் ஓடுகிற காணொளியும் சொல்கிறது. காணொளிக்காரர் மட்டும் கூடுதலாக ஒரு சொல்லைச் சேர்க்கிறார்: கார்டிசோல்.

இந்த அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அதை எதிர்த்துப் பேசுவது கடினமாக இருக்கிறது. மன அழுத்தம் பெண்ணுடலில் நிஜமான மாற்றங்களைச் செய்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது 'ஆகாதீங்க' என்கிற வினைச்சொல்லை. நம் பேச்சு வழக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓர் ஆண் எரிச்சலில் இருந்தால் "என்னை டென்ஷன் பண்ணாதே" என்கிறார். அவருடைய டென்ஷனுக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் காரணம் எதிரே நிற்கும் மனைவி அல்லது மகள். பெண்ணுக்கு என்றால் "நீ ஏன் டென்ஷன் ஆகிறாய்?" அவளை யாரும் ஆக்கவில்லை, அவளாக ஆகிவிட்டாள். மன அழுத்த ஹார்மோன்களைப் பற்றிய மருத்துவப் பேச்சும் சந்தைப் பேச்சும் பல காலமாக இந்த இலக்கணத்தில்தான் நடந்துவருகின்றன.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளை எதையாவது உணர்ந்தால் இரண்டு வழிகளில் செய்தி போகிறது. நரம்பு வழியாகப் போகும் செய்தி சில நொடிகளில் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் ரத்தத்தில் இறக்குகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இரண்டாவது வழி சற்று மெதுவானது. மூளையின் ஹைபோதாலமஸ், அதன் கீழிருக்கும் பிட்யூட்டரியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, கார்டிசோல் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதும், உடனடித் தேவை இல்லாத வேலைகளைத் தள்ளிப்போடுவதும் அதன் பணிகள்.

கார்டிசோல் தீய ஹார்மோன் அல்ல. அது சுரக்காமல் போகிற அடிசன் நோய் உயிருக்கே ஆபத்தானது. காலையில் கண் விழித்த அரைமணி, முக்கால் மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போய், பகலெல்லாம் படிப்படியாக இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வருகிறது. அந்த இறக்கம்தான் உடலின் ஓய்வு. சிக்கல் அது ஏறுவதில் இல்லை, இறங்கவிடாமல் செய்யப்படுவதில் இருக்கிறது.

இறங்காமல் நின்றால் என்னவாகும்? கருமுட்டை வெளிவருவதற்கான உத்தரவும் ஹைபோதாலமஸிலிருந்துதான் புறப்பட வேண்டும். நெருக்கடி நீடித்தால் அந்த உத்தரவு வலுவிழக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது, சிலருக்கு நின்றேபோகிறது. போதாத உணவும் கடுமையான உடலுழைப்பும் சேர்ந்துகொண்டால் இது இன்னும் எளிதாக நடக்கும். 'மாதவிடாய் வராதது ஒருவகையில் நிம்மதி' என்று விட்டுவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்தபடியே இருந்தால் எலும்புகள் வலுவிழக்கும். நீண்டகாலம் கார்டிசோல் கூடியிருந்தால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், இன்சுலினின் பேச்சை உடல் கேட்காமல் போகும், ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் கெடும்.

இதயத்தையும் இது தொடுகிறது. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் 'டகோட்சுபோ' என்று ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு அங்கே அந்தப் பெயர். நோய் தாக்கியபோது இதயத்தின் இடது கீழறை அந்தப் பானையின் வடிவத்துக்கு உப்பியிருந்தது. பேரிழப்பு, பேரச்சம் போன்ற அதிர்ச்சிக்குப் பிறகு, அட்ரினலின் வகை ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாயும்போது இது நேர்வதாகக் கருதப்படுகிறது. அறிகுறிகள் மாரடைப்பு போலவே இருக்கும், ஆனால் ரத்தக்குழாயில் அதற்குக் காரணமான அடைப்பு இருக்காது. இந்நோய்க்கு ஆளாகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள்.

இங்கே பெண் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறாள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முதுகுவலி, குமட்டல் என்று வந்து நிற்கிறவளிடம் டென்ஷன், கேஸ் என்று சொல்லி அனுப்பினால் அவளுடைய உண்மையான மாரடைப்பு தவறவிடப்படலாம். உண்மையிலேயே மன அழுத்தம்தான் அவள் இதயத்தைத் தாக்கியிருக்கிறது என்றாலோ, 'வெறும் டென்ஷன்' என்பதில் இருக்கிற 'வெறும்' அந்த நோயை நோயாகவே கருதாமல் தள்ளிவிடுகிறது. ரத்தசோகை, தைராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் என்று எத்தனையோ நோய்கள் இந்த ஒரு சொல்லின் பின்னால் ஆண்டுக்கணக்கில் ஒளிந்து கிடக்கின்றன.

யாருடைய உடலை வைத்து எழுதிய அறிவியல்?

அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன், 1915இல் வெளியிட்ட நூலில் ஆபத்தின்போது உயிரினங்கள் சண்டையிடவோ தப்பியோடவோ தயாராவதை விளக்கினார். அவர் சோதித்தது பூனைகளை. கனடாவின் மான்ட்ரியாலில் ஹன்ஸ் செல்யே, எலிகளின் உடலில் சினைப்பைச் சாற்றைச் செலுத்திப் புதியதொரு பாலியல் ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்தார். எதைச் செலுத்தினாலும், எப்படித் துன்புறுத்தினாலும் எலிகளின் உடலில் ஒரே மாதிரியான சேதங்கள் நேர்வதைக் கண்டு 1936இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இன்று நாம் ஸ்ட்ரெஸ் என்று சொல்வதன் மருத்துவ வரலாறு இங்கிருந்துதான் வளர்ந்தது.

பின்னர் மனிதர்களைச் சோதிக்கத் தொடங்கியபோது மனிதர் என்றால் பெரும்பாலும் ஆண். 2000ஆம் ஆண்டில் உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் அவருடைய சகாக்களும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்தார்கள். 1995க்கு முந்தைய மன அழுத்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெண்கள் ஏறத்தாழ 17 சதவீதம்தான். சொல்லப்பட்ட காரணம், மாதவிடாய்ச் சுழற்சியால் பெண்களின் ஹார்மோன் அளவுகள் மாறிக்கொண்டே இருப்பதால் முடிவுகள் குழம்பிவிடும் என்பது. மனித இனத்தின் பாதிப் பேருடைய இயல்பு, ஆய்வுக்கு இடையூறாகக் கணக்கிடப்பட்டது. பெண்களுக்குத்தான் டென்ஷன் அதிகம் என்று சொன்ன அதே மருத்துவம், அந்த டென்ஷனை அளக்க ஆண்களை வரவழைத்தது.

டெய்லர் குழு ஒரு மாற்றையும் முன்வைத்தது: நெருக்கடியில் பெண்கள் சண்டையிடுவதையும் ஓடுவதையும் விடப் பிள்ளைகளைப் பேணுவதையும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வதையும் நாடுகிறார்கள், ஆக்ஸிடோசின் ஹார்மோன் அதற்குத் துணைபோகிறது. பெண்களை மையத்தில் வைத்து யோசித்த கோட்பாடு என்பதால் பல பெண்ணியவாதிகள் இதை வரவேற்றார்கள். எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. அதைச் சொன்னவர்கள் எவ்வளவு கவனமாகச் சொல்லியிருந்தாலும், நம் ஊருக்கு வந்து சேரும்போது அது 'தாய்மையே பெண்ணின் இயற்கை' என்கிற பழைய பல்லவியாகிவிடுகிறது. வீடு எரிந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவள்தான் பெண் என்றால், பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனவரைப் பற்றிக் கேள்வி எழாது.

மாலை ஐந்து மணிக்குப் பிறகு

இயற்கையா, வேலையா என்கிற கேள்வியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுபோனவர் மரியான் ஃபிராங்கன்ஹாய்சர். பின்லாந்தில் பிறந்து சுவீடனில் பணியாற்றிய உளவியலாளர். அவருடைய தொடக்க காலச் சோதனைகளில் ஆண்களைப்போலப் பெண்களின் அட்ரினலின் ஏறவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் 'பெண்களுக்குப் போட்டி மனப்பான்மை குறைவு' என்று ஒரு பாடநூல் வரி கிடைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. பொறியியல் படிக்கும் பெண்களைச் சோதித்தபோது அவர்களுடைய அட்ரினலின் ஆண்களுக்கு இணையாக ஏறியது. ஹார்மோன் பாலினத்தை மட்டும் பார்த்துச் சுரக்கவில்லை. அவர்கள் எந்த வேலையில், எந்த எதிர்பார்ப்பின் நடுவில் நிற்கிறார்கள் என்பதையும் பார்த்தது.

அவருடைய குழு 1989இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. வோல்வோ நிறுவனத்தின் ஆண், பெண் மேலாளர்களையும் அலுவலகப் பணியாளர்களையும் வேலை நேரத்தில் மட்டுமல்லாமல் வேலை முடிந்த பிறகும் அளந்தார்கள். பகலில் ஆண் மேலாளர், பெண் மேலாளர் இருவருக்கும் மன அழுத்த ஹார்மோன்கள் கூடியிருந்தன. ஐந்து மணிக்குப் பிறகு ஆண்களுடையது சரசரவென்று இறங்கியது. பெண் மேலாளர்களின் நார்அட்ரினலின் இறங்கவில்லை, மேலும் ஏறியது. அலுவலகம் முடிந்துவிட்டது, வீடு தொடங்கிவிட்டது. பாலினச் சமத்துவத்துக்குப் பெயர்போன சுவீடனின் கதை இது.

2011இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து டார்பி சாக்ஸ்பியும் ரெனா ரெப்பெட்டியும் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற 30 குடும்பங்களின் உமிழ்நீரில் கார்டிசோலை அளந்திருக்கிறார்கள். மாலையில் வீட்டுவேலை கூடக்கூட, செய்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் கார்டிசோல் இறங்குவது குறைந்தது. கணவர் வீட்டுவேலையில் கூடுதல் நேரம் செலவிட்ட வீடுகளில் மனைவியின் கார்டிசோல் நன்றாக இறங்கியது. கணவர்களுக்கு நன்றாக இறங்கியதோ, அவர்கள் கூடுதலாக ஓய்வெடுத்து, மனைவியர் குறைவாக ஓய்வெடுத்த வீடுகளில். 30 குடும்பங்கள் சிறிய எண்ணிக்கைதான், எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. என்றாலும் ஒருவருடைய ஓய்வு இன்னொருவரின் உழைப்பில் எடுக்கப்படுகிறது என்று பெண்ணியம் காலங்காலமாகச் சொல்லிவருவதற்கு உமிழ்நீரே சாட்சி சொல்கிறது.

நம் நாட்டில் இதுபோல உமிழ்நீரை அளக்காவிட்டாலும் நேரத்தை அளந்திருக்கிறார்கள். ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 88 நிமிடம், வீட்டுவேலை செய்ததாகப் பதிவான ஆண்களுக்கு மட்டும் போட்ட சராசரி. அன்றைக்கு எந்த வேலையும் தொடாத ஆண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இந்த 289 நிமிடத்தில் சேராது, அது தனிக் கணக்கு. இட்லிக்கு மாவு இருக்கிறதா, கேஸ் எத்தனை நாள் வரும், மாமனாரின் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று மனதுக்குள் ஓடுகிற நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

விற்பனைக்கு வரும் அமைதி

பெண்ணின் வேலைநாள் முடிவதில்லை என்று ஹார்மோன்கள் காட்டிக்கொடுத்த பிறகும், அவற்றை வைத்து நமக்கு விற்கப்படுவது அமைதி. கார்டிசோலைக் குறைக்கும் தேநீர், பொடி, செயலி, வார இறுதி முகாம். முகம் உப்பியிருந்தால் அது 'கார்டிசோல் முகம்' என்று சமூக ஊடகங்களில் ஒரு பேச்சு. கார்டிசோலால் முகம் நிலவுபோல உருண்டுபோவது உண்மைதான். ஆனால் அது குஷிங் என்கிற அரிய நோயிலோ, நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து எடுப்பதாலோ நேர்வது. மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி அழகுக் குறையாக்கப்பட்டு, அதற்கு ஒரு பானமும் விற்கப்படுகிறது. டென்ஷன் ஆகாதே என்பதோடு, ஆனாலும் முகத்தில் தெரியக் கூடாது என்கிற கட்டளையும் சேர்ந்துகொள்கிறது.

மன அழுத்தத்தைத் தனிநபரின் குறையாக்கியதில் வணிகத்தின் கை பழையது. ஹன்ஸ் செல்யே புகையிலை நிறுவனங்களிடம் பணம் பெற்றார் என்பதை அந்நிறுவனங்களின் ஆவணங்களே பின்னர் வெளிப்படுத்தின. 1969இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் புகையிலைக் கட்டுப்பாடுகளுக்கு எதிராக அவர் சாட்சி சொன்னார். நோய்க்குக் காரணம் சிகரெட் அல்ல, அழுத்தத்தைச் சமாளிக்கத் தெரியாத மனிதர்தான் என்று காட்ட முடிந்தால் யாருக்கு லாபம்? அதே கேள்வியை இன்றைய அமைதி வியாபாரத்திடமும் கேட்கலாம். மூச்சுப் பயிற்சியோ யோகாவோ ஒருத்திக்கு நிம்மதி தருமானால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அதற்கும் நாலரை மணிக்கே எழுந்தால்தான் நேரம் என்றால், அவளுடைய வேலைப் பட்டியலில் இன்னொரு வரி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

பொய்யான எச்சரிக்கை அல்ல

அமைதியாக இரு என்கிற அறிவுரைக்கு அடியில், ஆபத்து எதுவும் இல்லை, நீதான் கற்பனை செய்துகொள்கிறாய் என்கிற எண்ணம் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் அந்தப் பெண்ணின் நெஞ்சு படபடப்பது நோய் அல்ல. அவள் உடல் சரியாக வேலை செய்கிறது. கோளாறு பைக்கில் வந்து இறங்குகிறது.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னபோது, என்ன மருந்து என்றே எழுதப்படாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தரப்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஓய்வு தர வேண்டிய இடத்தில் மாத்திரை. வலி போனால் போதும், இயந்திரம் நிற்கக் கூடாது. ஓய்வுக்காக உடல் எழுப்பிய குரலை அடைப்பதற்கும் சிகிச்சை என்றே பெயர்.

அமெரிக்காவில் ஆர்லீன் ஜெரோனிமஸ், கறுப்பினப் பெண்களின் உடல்நலத்தை ஆராய்ந்து 1992இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வெயிலும் மழையும் பட்டுப்பட்டுப் பாறை அரிபடுவதுபோல, இனவெறியை நாள்தோறும் எதிர்கொள்ளும் உடல் வயதுக்கு முன்பே தேய்கிறது என்றார். 2006இல் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு போன்ற அளவுகளைச் சேர்த்துப் பார்த்த அவருடைய ஆய்வில் கறுப்பினப் பெண்களின் தேய்மானமே அதிகமாக இருந்தது. வறுமையை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. இதைப் படிக்கும் நமக்குச் சாதி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது ஆதிக்கச் சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐநா பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. குடிநீர், உணவு, கழிப்பறை, மருத்துவமனையில் நடத்தப்படும் விதம் என்று இதற்குக் காரணங்கள் பல. கார்டிசோலின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. ஆனால் அவமதிப்பும் உடலுக்குள்தான் இறங்குகிறது என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டால், சாதியை ஒழிப்பது பொதுச் சுகாதார வேலையும் ஆகும்.

நாற்காலியும் காலை உணவும்

அப்படியானால் மருந்து என்ன? கேரளத்தின் கோழிக்கோட்டில் விஜி என்கிற தையல் தொழிலாளி, 'பெண்கூட்டு' அமைப்பின் மூலம் கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்த பெண்களைத் திரட்டினார். உட்காரும் உரிமைக்கான அந்தப் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. அங்கே யாரும் கார்டிசோலைப் பற்றிப் பேசவில்லை. நாற்காலி கேட்டார்கள். எந்தத் தியானச் செயலியையும்விட அது நேரான சிகிச்சை.

2022இல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைக் குழந்தைகளின் பசியோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். கூலி வேலைக்கு விடிகாலையில் கிளம்பும் தாய்க்கு அது காலை நெருக்கடியில் ஒரு முடிச்சை அவிழ்க்கிறது. அதேநேரம் அந்த உணவைச் சமைப்பவர்களும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். ஒருத்தியின் அடுப்பை அணைக்க இன்னொருத்தி விடியுமுன் அடுப்பு மூட்டுகிறாள் என்றால், அவளுக்கு என்ன ஊதியம், அவள் பிள்ளையை யார் கிளப்புகிறார்கள் என்பதும் நம் கேள்வியாக வேண்டும்.

மருத்துவமனையிலும் கேட்க வேண்டியவை உண்டு. டென்ஷன் என்று சொல்லப்பட்டால், வேறு எந்த நோய்கள் இல்லை என்று எப்படி உறுதிசெய்தீர்கள் டாக்டர் என்று கேட்கலாம். ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தாயிற்றா, நெஞ்சுவலி என்றால் ஈசிஜி எடுத்தாயிற்றா என்று கேட்கலாம். மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் காரணம் தெரியும்வரை விடக் கூடாது. மருத்துவரும் கேட்கட்டும்: எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், வீட்டில் பயம் இருக்கிறதா? மருத்துவம் படிக்கும் மாணவிகள் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்த மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்தமுறை துணிக்கடைக்குப் போகும்போது, உங்களுக்குப் புடவை எடுத்துப் போடுகிற பெண்ணின் பின்னால் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் உட்கார விடுகிறார்களா என்று அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், பில் போடும் இடத்தில், முதலாளியின் காதில் விழும்படி, சட்டம் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு வாருங்கள்.